டொனி அயோமியின் விரல்களும் பிளெக் சபத்தின் முதல் அல்பமும்

கேள்வி (ஹட்டன்)

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பகுதியில் வேலை செய்யும் என் தம்பிக்குச் சென்ற ஆண்டு இடது கை நடுவிரலின் நுனி நசுங்கிப்போனது. அன்றிலிருந்து அவனுடைய கிட்டார் உறைக்குள்ளேயே கிடக்கிறது. பிளெக் சபத் என்ற ஆங்கில ரொக் குழுவின் கிட்டார் கலைஞர் டொனி அயோமிக்கும் இவ்வாறு நேர்ந்ததாகவும், அதனால் அவர் தந்திகளைத் தளர்த்தியதே பிளெக் சபத்தின் முதல் அல்பத்தின் கனத்த ஒலிக்குக் காரணம் என்றும் நண்பர் ஒருவர் கூறுகிறார். இது சரியா?

பதில் (பண்டாரவளை)

விபத்து உண்மை. பேர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் 17 வயதில் வேலை செய்த அயோமி, வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, பழக்கமில்லாத இயந்திரத்தில் நின்றபோது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அது. இரண்டு விரல்களாலேயே சுரம் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை மேற்பார்வையாளர் ஒருவர் கொண்டுவந்து கேட்கச் செய்த பிறகுதான் அவருக்கு மனம் திரும்பியது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். உங்கள் தம்பிக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பதில் (நுவரெலியா)

சுருதி விடயத்தில் உங்கள் நண்பர் காலத்தைக் குழப்பிவிட்டார். 1969 ஒக்டோபரில் லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவாகி, 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வெளியான முதல் அல்பம் வழமையான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது அல்பத்தில்தான். முதல் அல்பத்தின் கனம் வேறிடத்திலிருந்து வருகிறது. குழுவின் பெயரையே தாங்கிய முதற்பாடலில் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம் என மூன்றே சுரங்கள் மிக மெதுவாக நகர்கின்றன. கல்யாணியில் நாம் ரசிக்கும் அதே பிரதி மத்திமம், அங்கே துணைச் சுரங்கள் எதுவுமின்றித் தனியே நிற்பதால் அச்சமூட்டுகிறது. தொடக்கத்து மழையும் மணியோசையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. நம் ஊரில் அந்த மழைக்குச் செலவே இருந்திருக்காது.

1968இல் புளூஸ் வாசிக்கத் தொடங்கி, தாங்கள் வைத்திருந்த 'ஏர்த்' என்ற பெயரிலேயே இன்னொரு குழு இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்ட நால்வரும் மேடையில் வாசித்துப் பழகியதை அப்படியே பதிந்தார்கள். விமர்சகர்கள் ஏசினார்கள், ஆனால் அல்பம் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியென்றால் விரல் காயத்துக்கும் அந்த ஒலிக்கும் தொடர்பே இல்லையா?

பதில் (பண்டாரவளை)

இருக்கிறது. அழுத்த இலகுவாக, பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைக் கட்டினார். முழுக் கோர்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) சிரமமானதால், இரண்டு விரல்களில் அடங்கும் கோர்டுகளையே தடித்து ஒலிக்கச் செய்தார். தம்பியினுடையது மின்சாரக் கிட்டார் என்றால், முதல் தந்தி 0.008 அங்குலமாக உள்ள செட்டைக் கடையில் கேளுங்கள். சாதாரணக் கிட்டார் என்றால் நைலோன் தந்திக் கிட்டாரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இரும்புத் தந்திக் கிட்டாரில் நைலோனைக் கட்டிவிட வேண்டாம்.