டோனர் செல் 100 சதவீதம், ஆனாலும் எம்.ஆர்.டி (சிகிச்சைக்குப் பிறகும் மிச்சமிருக்கிற நோய்) பாசிட்டிவ். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

முதுநகர் அக்கா

தம்பிக்கு பி-செல் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மஜ்ஜை டிரான்ஸ்பிளான்ட் முடிந்து நூறு நாள் தாண்டிவிட்டது. டோனர் நான்தான். அதுவரைக்குமான கதை இங்கே எல்லோரும் பட்டதுதான், விடுங்கள்.

போன வாரம் ரெவியூ முடித்து பாண்டியிலிருந்து கடலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். தவளக்குப்பம் தாண்டும்போது போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) ரிசல்ட் மொபைலுக்கு வந்தது. முதல் பக்கம் கைமரிசம், அதாவது அவன் உடம்பில் இருப்பது யாருடைய செல் என்று பார்ப்பது: டோனர் செல் 100 சதவீதம். போனை அவனிடம் நீட்டினேன். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "அப்ப இனிமே ஓடுறது பூரா உன் ரத்தம்தானா? உன் கோவமும் சேர்ந்து வருமாக்கா?" என்றான். நானும் சிரித்துக்கொண்டே போனை வாங்கி அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். ஃப்ளோ சைட்டோமெட்ரி எம்.ஆர்.டி: 0.03 சதவீதம், பாசிட்டிவ்.

"இன்னொரு பக்கம் இருக்கே, அது என்ன?" என்றான். நெட் போய்விட்டது என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு வருகிறவரை மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் அதே பொய்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நூறும் என்னுடையது என்றால் அந்த 0.03 யாருடையது?

லாஸ்பேட்டை பழைய லேப்காரன்

அம்மா, அது இரண்டு வெவ்வேறு தராசு. கைமரிசம் டெஸ்ட் டி.என்.ஏவை வைத்து இது அக்காவுடையது, இது தம்பியுடையது என்று பிரிக்கும். வழக்கமான முறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு செல்லுக்குக் கீழே போனால் அதற்குக் கண் தெரியாது, 100 என்று போட்டுவிடும். 0.03 என்றால் பத்தாயிரத்தில் மூன்று. செல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோவில் அது தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பிளாஸ்ட் என்ற முதிராத செல் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தாலே ரெமிஷன், அதாவது நோய் அடங்கியது என்று எழுதுவோம், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறக்காதது ஒரு பையனின் சாம்பிள். ஸ்லைடு சுத்தம். ஃப்ளோவில் ஐந்து லட்சம் செல் ஓட்டினோம். திரையில் புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் மந்தை மந்தையாக இருக்க, ஓரமாக ஒரு அறுபது புள்ளி மட்டும் தனியே ஒட்டிக்கொண்டு நின்றது. கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு குடும்பம் பந்தியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. மேடம் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் அந்தப் பையனின் அப்பா பன் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டிரான்ஸ்பிளான்டுக்குப் பிறகு மஜ்ஜை புதிதாகத் துளிர்க்கும்போது நல்ல இளம் பி-செல்களும் நிறைய வரும். அவற்றின் சாயல் கிட்டத்தட்ட நோய்ச் செல்லின் சாயலேதான். அனுபவம் உள்ள கண் வேண்டும். திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் கரும்பு

திரும்ப ஒரு தடவை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் சார். 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரிக்கு எம்.ஆர்.டி பார்க்க போன் மேரோ எடுத்து, ஊதா மூடி டியூபை கூரியரில் சென்னைக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஃபெஞ்சல் புயல். அப்புறம் தென்பெண்ணை வெள்ளம். எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர், டியூப் எங்கே நிற்கிறது என்று யாரைக் கேட்பது? செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்திருக்கிறது. செல்கள் செத்துவிட்டன, ரிப்போர்ட் தர இயலாது என்று ஒரே வரி. போதாக்குறைக்கு யாரோ ஐஸ் பேக் மேலேயே டியூபை வைத்திருந்தார்களாம்.

இவளிடம் போய்ச் சொன்னேன். சேலைத் தலைப்பால் இடுப்பு எலும்பை மூடிக்கொண்டு, "இந்தத் தடவை அந்த ஊசிய நீங்க குத்திக்கிட்டு வாங்க" என்றாள். சிரிக்கவில்லை.

இரண்டாவது தடவை நெகட்டிவ். ஆனாலும் மழை பெய்தால் இன்றைக்கும் அந்த டியூப்தான் ஞாபகம் வருகிறது.

பண்ருட்டி முந்திரி

முதலில் முதுநகர் அக்காவுக்கு: நூறு நாளில் டவுன் பஸ்ஸா? மாஸ்க் போட்டால் ஆயிற்றா? கார் வையுங்கள், கடன் வாங்கியாவது வையுங்கள்.

லேப்காரர் சார் கைமரிசத்தை ஒன்றுமில்லாதது போலச் சொல்கிறார், அது தப்பு. எங்கள் மாமாவுக்கு ஏ.எம்.எல்., அது இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். டோனர் செல் 100லிருந்து 91க்கு இறங்கியதை வைத்துத்தான் நோய் திரும்பியதை முதலில் கண்டுபிடித்தார்கள். அத்தைதான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, "நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு நல்ல மார்க்குதானே" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அது இருக்கட்டும்.

போன் மேரோ எடுக்கும்போது சிரிஞ்சில் முதலில் இழுப்பதை எம்.ஆர்.டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மூன்றாவது இழுப்பில் ரத்தம் கலந்துவிடும், இருப்பதும் இல்லை என்று வரும். டாக்ரோலிமஸ் (டோனர் செல்களை அடக்கிவைக்கும் மாத்திரை) அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை முழுங்கிவிட்டுப் போகாதீர்கள், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு எதையும் டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். வெளியே கரும்புச் சாறு, வெட்டிவைத்த பழம், பச்சை வெங்காயம் வேண்டாம். நம்ம ஊர் பலாச்சுளைகூட வீட்டிலேயே அறுத்தது என்றால்தான், அதுவும் டாக்டர் சரி என்றால்தான். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியெல்லாம் முதலிலிருந்து போட வேண்டும், அட்டவணை கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டை எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். மொபைலில் வைத்திருந்தால் இப்படித்தான் பஸ்ஸில் திறக்கத் தோன்றும்.

லாஸ்பேட்டை பழைய லேப்காரன்

ஒன்றுமில்லாதது என்று நான் எங்கே சொன்னேன்? சின்னதைப் பார்க்க முடியாது என்றேன். 91 சின்னதா? டவுன் பஸ் விஷயத்தில் உங்கள் கட்சிதான்.

கோரிமேடு ரூம் நம்பர் 4

நான் பேஷண்ட். பிலடெல்பியா பாசிட்டிவ் ஏ.எல்.எல்., டிரான்ஸ்பிளான்ட் ஆகி இரண்டு வருடம். எனக்குப் பார்ப்பது பி.சி.ஆர் (PCR) டெஸ்ட், அதில் தேடுவது இந்த வகை நோயில் இருக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் (BCR-ABL) ஜீன். முதல் தடவை நெகட்டிவ் வந்தபோது, "போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி, "இந்த மெஷினுக்குத் தெரியல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாத்திரையை நிறுத்தவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். ஊருக்குப் போய்விட்டேன், ஆனால் இங்கே எடுத்த வாடகை ரூமைக் காலி செய்ய இன்னும் மனசு வரவில்லை.

முதுநகர் அக்கா

எல்லோருக்கும் நன்றி. முந்திரி சார், கார் வைக்க முடிந்தால் பஸ்ஸில் ஏன் போகிறோம்?

தம்பியிடம் அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன். தெரியும் என்றான், பையிலிருந்து போனை எடுத்துப் படித்துவிட்டானாம். இரண்டாவது போன் மேரோவும் எடுத்தாயிற்று. அதிலும் இருக்கிறது, 0.04. டாக்டர் டாக்ரோலிமஸைக் குறைத்திருக்கிறார். அந்த மாத்திரைதான் என் செல்களைக் கட்டிப்போட்டிருக்கிறதாம், அவிழ்த்துவிட்டால் மிச்சமிருக்கிற நோயை அதுவே தேடிப் பிடிக்கலாம், ஆனால் தம்பியின் தோல், குடல், ஈரலையும் கடிக்கலாம் என்றார். அதற்கும் மசியாவிட்டால் பிளினாடுமொமாப் என்ற மருந்து, இல்லையென்றால் மறுபடியும் என்னிடமிருந்து லிம்போசைட் என்ற வெள்ளணுக்களை எடுத்து ஏற்றுவது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி லைட்டைப் போட்டான். இரண்டு உள்ளங்கையும் சிவந்து திட்டுத்திட்டாக இருந்தது. "அக்கா, உன் ஆளுங்க வந்துட்டாங்க போல" என்றான். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். காலையில் முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ எடுக்கிறேன் என்றிருக்கிறார்.