மறு: வில்சன்–பாப்பு விளைவு – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். நம் வானியல் கலைச்சொல் பட்டியலில் 'வில்சன்–பாப்பு எஃபெக்ட்' என்பதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ராமன் விளைவு, டாப்ளர் விளைவு என்று பழகிவிட்டோம். இதையும் 'விளைவு' என்றே வைத்துவிடலாமே?

பழக்கம் சரிதான் ஐயா. ஆனால் ராமன் விளைவில் ஏதோ ஒன்று நடக்கிறது: ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறுகிறது, அலைநீளம் மாறுகிறது. வானியலாளர்கள் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் அறிவித்தது அப்படி ஒரு நிகழ்வை அல்ல, இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை: விண்மீனின் நிறமாலையில் ஒரு வெளிச்சக் கோட்டின் அகலமும் அந்த விண்மீனின் உண்மையான ஒளிர்வும். அதனால் 'வில்சன்–பாப்பு தொடர்பு' என்பதற்கே என் ஓட்டு. ஆங்கிலத்திலும் எஃபெக்ட், ரிலேஷன் இரண்டுமே புழங்குகின்றன. நாம் ஒன்றும் புதிதாகக் கலகம் செய்யவில்லை.

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சுவாதி விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால், ஊதாக் கோடியில் 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கம் ஓர் அகலமான கரும்பட்டை தெரியும். அயனியான கால்சியம் ஒளியை விழுங்கிய இடம் அது; கே கோடு என்பார்கள். அந்தக் கருமையின் நட்டநடுவில் மெல்லியதாக வெளிச்சம் எழும்பி நிற்கும். விண்மீனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள நிறமண்டலத்தின் வேலை இது. அந்த வெளிச்சத்தின் உச்சியிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையில் இவை கே1, கே2, கே3.

பாப்பு இதில் இறங்கியபோது அவருக்கு இருபதுகளின் நடுவயது. சென்னையில் பிறந்தவர், ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். முனைவர் பட்டம் முடித்ததும் கார்னகி உதவித்தொகையில் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அங்கே வில்சனோடு சேர்ந்து 185 விண்மீன்களின் நிறமாலைகளில் அந்த நடு வெளிச்சத்தின் அகலத்தை அளந்தார். வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறதா, மங்கலா என்பது பொருட்டே இல்லை என்று தெரிந்தது. அகலம் மட்டும் விண்மீனின் உண்மையான ஒளிர்வோடு ஒட்டிப் போனது. சூரியன் போன்றவற்றில் குறுகல். சுவாதி, ரோகிணி போன்ற பெருமீன்களில் அகலம். திருவாதிரை போன்ற மீப்பெருமீன்களில் இன்னும் அகலம். வில்சன் 1959இல் தந்த சமன்பாட்டின்படி, அகலம் 10 மடங்கானால் ஒளிர்வு 15 பொலிவெண் (விண்மீன் ஒளிர்வை அளக்கும் படிநிலை) கூடும். அதாவது ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு! உண்மை ஒளிர்வு கைக்கு வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். இத்தொடர்புக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு அதுதான் காரணம்.

அகலம் ஏன் கூடுகிறது என்பதில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. நிறமண்டலத்தில் வளிமம் கொந்தளிப்பதால் என்றது ஒரு தரப்பு. ஈர்ப்பு குறைந்த பெருமீன்களில் நிறமண்டலம் தடித்துக் கிடப்பதால் என்றது இன்னொரு தரப்பு. காரணமே வழக்கில் இருக்கும்போது 'விளைவு' என்று பெயர் வைத்தால், எதன் விளைவு என்று மாணவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

> எமிஷன் ரிவர்சல் = உமிழ்வு மீட்சி

கருங்கோட்டின் நடுவே எழும் அந்த வெளிச்சத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான் எமிஷன் ரிவர்சல். அதற்கு இந்தச் சொல்லை ஏற்க மனமில்லை. 'மீட்சி' என்றால் கடனில் மூழ்கிய கம்பெனி கரையேறியது போல இருக்கிறது. கருங்கோட்டுக்குள் எழும்பி நிற்பதால் 'உள்முகடு' என்கிறேன். அதன் அகலம் 'முகட்டகலம்'. இப்போது வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முகட்டகலம் கூடக்கூட விண்மீனின் ஒளிர்வும் கூடுகிறது." அகராதியைப் புரட்டாமல் புரிகிறது, இல்லையா?

இன்னொரு வசதியும் உண்டு. 1960இல் பாப்பு கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கே கோட்டின் ஒளியில் சூரியனைப் படம்பிடித்து வந்த இடம் அது. விண்மீன்களில் பார்த்த அதே கேள்வியைச் சூரியப் பரப்பின் சின்னச் சின்னத் திட்டுகளில் வைத்து, கே. ஆர். சிவராமனோடு சேர்ந்து 1971இல் ஆய்வு வெளியிட்டார். ஒரு திட்டுக்கும் முழு விண்மீனுக்கும் ஒரே சொல் செல்ல வேண்டும், 'உள்முகடு' செல்லும்.

வில்சன் வேறு பக்கம் போனார். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 1966 முதல் 91 விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்து, சூரியனின் 11 ஆண்டுச் செயல்பாட்டுச் சுழற்சி போன்ற ஏற்ற இறக்கம் பிற விண்மீன்களிலும் உண்டு என்று 1978இல் காட்டினார். அங்கே கணக்கில் வந்தது அகலம் அல்ல, முகட்டின் ஒளி எவ்வளவு என்பது. அதற்கு 'முகட்டொளி'. ஆக ஒரே வேரில் மூன்று சொற்கள் கிடைக்கின்றன. 'மீட்சி'யிலிருந்து இப்படிக் கிளை பிரிக்க முடியுமா, சொல்லுங்கள்.



'பாப்பு தொடர்பு' என்பதில் வல்லொற்று மிகுமா என்று எப்படியும் யாராவது வருவீர்கள். ஆட்பெயர் என்பதால் விட்டிருக்கிறேன். போட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

மிச்சம் இருப்பது கே3, வெளிச்சத்தின் உச்சியில் உள்ள அந்தச் சின்னப் பள்ளம். 'நடுக்குழி' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் கேரம் பலகை ஞாபகம் வருகிறது. 'முகட்டுப் பள்ளம்' நீளம். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.