அட்டைக் குழாயை நேராக வெட்டி ஃபின் ஸ்லாட் போடுவது எப்படி? (தருமபுரி, ஓசூர்ப் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா)

பாலக்கோடு ராக்கெட்:

வணக்கம் அண்ணா. கல்லூரிப் போட்டிக்காக நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு மாடல் ராக்கெட் செய்கிறோம். மோட்டாரை (மருந்து நிரப்பிய குழல்) போட்டி நடத்துபவர்களே கொடுத்து அவர்களே பற்ற வைப்பார்கள், உடம்பு மட்டும்தான் எங்கள் பொறுப்பு. குழாயின் வெளி விட்டம் 41.6 மி.மீ., உள் விட்டம் 40.5, அதாவது சுவர் அரை மில்லிக்குக் கொஞ்சம்தான் மேலே. அதற்குள் 24 மி.மீ. மோட்டார் உட்காரும் சின்னக் குழாய், அதன் வெளி விட்டம் 24.8. மூன்று ஃபின் (வால் பக்கத்து இறக்கை), 3 மி.மீ. ப்ளைவுட். ஃபின்னை மேலே ஒட்டாமல் ஸ்லாட் (குழாய்ச் சுவரில் வெட்டும் நீளத் திறப்பு) வழியாக உள்ளே விட்டு மோட்டார் குழாயோடு சேர்த்து ஒட்டப் போகிறோம்.

மீதித் துண்டு ஒன்றில் வெட்டிப் பார்த்தோம். சுற்றி வந்த வெட்டு ஆரம்பித்த இடத்தில் சேரவே மாட்டேன் என்கிறது, ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி பிரிகிறது. ஸ்லாட் பக்கம் இன்னும் போகவில்லை. ஆக்சா பிளேடு போடலாமா, இல்லை ஓசூரில் லேத்தில் கொடுத்துவிடலாமா? நண்பன் ஒருவன் ஃப்ளெக்ஸ் பேனர் சுற்றி வரும் குழாயே போதும், கெட்டியாக இருக்கும் என்கிறான்.

கிருஷ்ணகிரி மாங்காய்:

தம்பி, ஆக்சா பிளேடைத் தொடாதீர்கள், அது இந்தச் சுவரைப் பிய்த்து எடுத்துவிடும். சாதாரண ஸ்னாப் கட்டர் போதும், ஆனால் முனை புதிதாக உடைத்ததாக இருக்க வேண்டும். வெட்டு சேராததற்குக் காரணம் கை இல்லை, வழிகாட்டி இல்லாததுதான். நேரான ஓரமுள்ள தடித்த காகிதப் பட்டை ஒன்றை, ஏ4 தாளின் நீள ஓரமே போதும், குழாயைச் சுற்றி ஒன்றரைச் சுற்றாவது இறுக்கிச் சுற்றுங்கள். பட்டையின் ஓரம் அதன் மேலேயே சரியாகப் படிந்தால் அந்த ஓரம் குழாய்க்குச் செங்குத்து, அவ்வளவுதான் கணக்கு. டேப் போட்டு ஒட்டிவிட்டு, வெட்டும் இடத்துக்கு உள்ளே கப்ளர் குழாயை (இரண்டு குழாயை இணைக்க உள்ளே போடும் துண்டு) செருகுங்கள், இல்லாவிட்டால் அழுத்தும்போது சுவர் உள்ளே போகும். அப்புறம் பிளேடை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு குழாயைத்தான் உருட்ட வேண்டும். முதல் சுற்றில் மேல் தாளில் கோடு விழுந்தால் போதும். ஏழெட்டுச் சுற்றில் தானாக விட்டுவிடும். ஒரே அழுத்தில் வெட்ட நினைத்தால்தான் பிரிகிறது.

வெட்டிய ஓரத்தில் பெவிக்விக்கை மெல்லிசாக ஓட விட்டு (ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணெரிச்சல் பொல்லாதது) காய்ந்ததும் உப்புத்தாளில் தேயுங்கள். நம் ஊரில் இருந்துகொண்டு தேய்க்கச் சமதளம் தேட வேண்டியதே இல்லை. கிரானைட் பாலிஷ் பட்டறை வாசலில் கழிவுத் துண்டு கேட்டாலே கொடுப்பார்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் 220 உப்புத்தாளை ஒட்டி, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சதுரக் கட்டை ஒன்றில் சாய்த்தபடி தேயுங்கள்.

ஸ்லாட்டுக்குக் குறிப்பதுதான் பெரிய வேலை. ஸ்கேலை வளைவில் வைத்து அளக்காதீர்கள். காகிதப் பட்டையை ஒரு சுற்று சுற்றி, சேரும் இடத்தைக் குறித்து, பிரித்து மேசையில் போட்டு மூன்றாகப் பிரியுங்கள். 41.6க்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 130.7, ஆக ஒவ்வொன்றும் 43.6 அளவில் வர வேண்டும். பட்டையைத் திரும்பச் சுற்றிப் புள்ளிகளை மாற்றிக்கொள்ளுங்கள். நீளக் கோடு போட அலுமினியப் பார்ட்டிஷன் வேலை செய்யும் கடையில் எல் ஆங்கிள் துண்டு வாங்குங்கள். குழாய் மேல் அதைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு ஓரமும் குழாயின் அச்சுக்கு இணையாகத்தான் உட்காரும், பென்சிலை ஓட்டுவது மட்டும்தான் பாக்கி. லாஞ்ச் லக் (ஏவும் கம்பியில் கோக்கும் சின்னக் குழல்) ஒட்டும் கோட்டையும், இரண்டு ஃபின்னுக்கு நடுவில், கையோடு போட்டுவிடுங்கள். பின்னால் தேட முடியாது.

ஓசூர் கடைசல்:

லேத்தில் கொடுக்கலாமா என்று கேட்டதால் சொல்கிறேன். லேத்தின் சக்கில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் தாடை) பிடித்தால் அந்தக் குழாய் அப்பளம்தான். உள்ளே முழு நீளத்துக்கும் மரத்திலோ நைலானிலோ உருளை கடைந்து போட்டால்தான் பிடிக்க முடியும், ஒரு குழாய்க்கு அந்தக் கூலி கட்டாது. அதைவிட 40.5க்குள் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு சாண் நீளக் கட்டை மட்டும் கடைந்து வாங்குங்கள். கப்ளரைவிட நல்லது, ஸ்லாட் வெட்டும்போதும் உள்ளே இருந்து தாங்கும்.

ஸ்லாட்டைக் கிரைண்டர் சில்லு போட்டு வெட்டச் சொல்பவர்கள் உண்டு. அட்டையில் அது கருக்கும், அகலமும் கட்டுக்குள் நிற்காது. ஃபைபர் கிளாஸ் குழாய் என்றால் அதுதான் வழி, மாஸ்க் போட்டுக்கொண்டு. உங்களுக்கு எல் ஆங்கிளும் கட்டரும் போதும்.

ஃப்ளெக்ஸ் ரோல் குழாய் வேண்டாம். சுவர் மில்லிக் கணக்கில் தடிமன். வால் பக்கம் மோட்டார் எடை ஏற்கெனவே இருக்கிறது. எடை மையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் சேர்ந்து தள்ளுவதாகக் கொள்ளும் புள்ளி) முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது இருக்க வேண்டும், எடை எல்லாம் பின்னால் போனால் ராக்கெட் நேராகப் போகாது.

பாலக்கோடு ராக்கெட்:

நன்றி அண்ணா. எல் ஆங்கிள் கிடைத்துவிட்டது, கோடு கச்சிதம். ஸ்லாட்டை வால் விளிம்பு வரைக்கும் திறந்து விடலாமா, முன்னாலேயே நிறுத்த வேண்டுமா? ஃபின்னின் உள்ளே போகும் நாக்கு எவ்வளவு ஆழம்?

கிருஷ்ணகிரி மாங்காய்:

நாக்குக்கு 41.6இல் 24.8ஐக் கழித்து இரண்டால் வகுங்கள், 8.4 வரும். 8.2 வையுங்கள். நீளம் கூடினால் ஃபின்னின் அடி குழாயில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், குறைந்தால் பசை நிரப்பிக்கொள்ளும்.

ஸ்லாட்டை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்கும், குழாயின் வட்டம் கெடாது. ஃபின்களை மோட்டார் குழாயில் முதலிலேயே ஒட்டி மொத்தமாக உள்ளே தள்ளுவதாக இருந்தால் மட்டும் விளிம்பு வரை திறக்க வேண்டும். அகலத்துக்குப் ப்ளைவுட்டை வெர்னியரில் அளங்கள், 3 என்று விற்பது 3ஆக இருக்காது. கொஞ்சம் குறுகலாகவே வெட்டி, ஸ்டீல் ஸ்கேலில் உப்புத்தாளைச் சுற்றி ராவி ராவி ஃபின் இறுக்கமாக நுழையும் வரை கொண்டு வாருங்கள்.

மோட்டார் குழாயை உள்ளே ஒட்டும்போது, அதை நடுவில் நிறுத்தும் முன், பின் வளையங்களில் பின் வளையத்தை மட்டும் ஒட்டாமல் வெளியே விட்டுவிடுங்கள். ஃபின் செருகிய பிறகு அந்த வழியாக உள்ளே அரால்டைட் (இரண்டைக் கலந்து போடும் எப்பாக்சி பசை) ஓட்டிவிட்டு, கடைசியாக வளையத்தை மூடலாம்.

ஓசூர் கடைசல்:

இதோடு ஒன்று. முன் வளையத்துக்குப் பெவிகால் என்றால், உள்ளே தள்ளும்போது நடுவில் நிறுத்தி யோசிக்காதீர்கள். அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் குழாயைக் கிழித்தால்தான் வெளியே வரும். எவ்வளவு ஆழம் என்று ஒரு குச்சியில் குறித்து வைத்துக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளிவிடுங்கள்.