போனஸை ஆறு பேருக்கும் சமமாப் பிரிக்கிறது நியாயமா?

செம்பூர்வாசி:
மும்பை அந்தேரியில் ஒரு பேக் ஆபீஸ். பேங்க் ஸ்டேட்மென்டையும் எங்க லெட்ஜரையும் ஒப்பிட்டு, ஒத்துவராத என்ட்ரியை ஒவ்வொண்ணாத் தீர்க்கணும். ஆறு பேர் டீம். போன மாசம் 1,400 என்ட்ரி நிலுவை, அதில் 520 என் கையால் முடிஞ்சது. மூணு ராத்திரி கடைசி லோக்கல் ரயிலைப் பிடிச்சு, வடாலாவில் மாறி வீடு போய்ச் சேர்ந்தேன். டீமுக்கு 60,000 ரூபாய் இன்சென்டிவ் வந்தது. மேனேஜர் தலைக்குப் பத்தாயிரம்னு பிரிச்சுட்டார். ஒரு சீனியர் நாள் முழுக்க மராத்தியில் போன் பேசிட்டே இருப்பார், அவர் முடிச்சது 90. அவருக்கும் அதே பத்தாயிரம். அப்புறம் நான் எதுக்கு மாங்கு மாங்குன்னு உழைக்கணும்?

மாட்டுங்கா அக்கா:
தம்பி, ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற நம்ம ஊர் டப்பாவாலாக்களைப் பாருங்க. 1890-லேர்ந்து ஓடுற தொழில். ஒரு குழுவுக்கு வர்ற பணத்தில் செலவு போக மிச்சத்தை சமமாத்தான் பிரிச்சுக்கிறாங்க. எங்க டப்பா ஒரு நாள் தப்பினதில்ல.

பாண்டுப் பொறியாளர்:
தேர்னு நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சு அக்கா. பிரான்சில் ரிங்கல்மான்னு ஒரு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வெச்சு அளந்தார், 1913-ல் அது வெளியாச்சு. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு விழுற பலம் தனியா இழுக்கிறதில் ஏறக்குறைய பாதிதான். ஒரே சீரா இழுக்க முடியாததும் ஒரு காரணம்னு வெச்சுக்கலாம். ஆனா 1974-ல் வேற ஒரு குழு, கண்ணைக் கட்டி, பின்னாடி நிக்கிறவங்களைச் சும்மா நடிக்க வெச்சுப் பார்த்தது. கூட ஆள் இருக்குன்னு நினைச்சதுமே முன்னாடி இருக்கிறவர் கை தளர்ந்துடுச்சு! சமமாப் பிரிச்சா இதுதான் நடக்கும். அவரவர் முடிச்ச என்ட்ரிக்கு அவரவர் காசு, தீர்ந்தது.

தாராவி நெல்லைக்காரன்:
தீரலண்ணே. நாங்க லெதர் பேக் தைக்கிறோம். வெட்டுறவர், ஒட்டுறவர், தைக்கிறவர், ஃபினிஷிங்னு நாலு கை. ஒரு சீசன் ஆளாளுக்கு பீஸ் ரேட் வெச்சோம். ஒட்டுறவர் பசை காயுறதுக்குள்ள அடுத்த பீஸை எடுத்துட்டார். ஜிப் ஓரம் அரை சென்டி விலகி நிக்குது, தையல்காரர் ஊசி வழுக்கி லெதரில் ஓட்டை. லெதரில் விழுந்த ஓட்டையைப் பிரிச்சு அடைக்க முடியாது. நோட்டில் பார்த்தா எல்லார் கணக்கும் அமோகம், பேக் மட்டும் மூட்டையாத் திரும்பி வந்துச்சு. இப்போ பேக்குக்கு இவ்வளவுன்னு நாலு பேருக்கும் சேர்த்துத்தான் கூலி.

பாண்டுப் பொறியாளர்:
உங்க வேலை சங்கிலி மாதிரி, ஒருத்தர் கை அடுத்தவருக்குத் தெரியும். செம்பூர்வாசி ஆபீஸில் எல்லாம் ஒரே எக்செல்லில் கலக்குது. 1981-லேயே பார்த்துட்டாங்க, தன் பங்கு தனியாத் தெரியுதுன்னு ஆனதும் ஜனங்க அசட்டை பண்றதில்ல.

மாட்டுங்கா அக்கா:
அதைத்தானே நானும் சொல்றேன்! டப்பா மூடியில் குறியீடு இருக்கு, எந்தத் தெரு யாரோடதுன்னு குழுவுக்கே தெரியும். காசு சமம், ஆனா ஒளிய முடியாது. ஆளை வரிசை போட்டுத் தரம் பிரிக்கிறதை மைக்ரோசாஃப்டே 2013-ல் கைவிட்டது.

பாண்டுப் பொறியாளர்:
வரிசை போடச் சொல்லல அக்கா. எண்ணச் சொல்றேன்.

தாராவி நெல்லைக்காரன்:
எதை எண்ணுறதுன்னு ஒண்ணு இருக்குல்லா? நெல்லையப்பர் ஆனித் தேர் பார்த்திருக்கீங்களா? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுறவர் வடத்தையே தொட மாட்டார். அவர் அசந்தா தேர் எவன் மேலயாவது ஏறிரும். வடம் பிடிச்சவனை மட்டும் எண்ணினா அவர் சும்மா நிக்கிற ஆளு. செம்பூர்வாசி, அந்த சீனியர் போனில் யார்கிட்ட பேசுறாரு?

செம்பூர்வாசி:
பிராஞ்ச் ஆளுங்ககிட்ட. சலான் வரல, செக் எந்தக் கணக்கில் விழுந்துச்சு, அந்த மாதிரி.

தாராவி நெல்லைக்காரன்:
அந்த சலான் யாருக்கு வருது?

செம்பூர்வாசி:
…எனக்குத்தான். நாசிக், கோலாப்பூர் என்ட்ரி பாதி அது வந்தாத்தான் மூட முடியும்.

சரி, அவரை விடுங்க. நாலு மணிக்கு டீ குடிக்கப் போய் ஆறு மணிக்கு வர்ற ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்க எந்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுறாங்க?