பாஸ்வேர்டு வேண்டாம், பார்ட்னராகச் சேருங்கள்: வாடிக்கையாளரின் விளம்பரக் கணக்குக்கு அனுமதி வாங்கிய அனுபவங்கள்

ஈரோடு, தனியாக விளம்பர வேலை செய்பவர்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பர வேலையில் எனக்கு இது ஆறாவது வருஷம். விளம்பரம் ஓட்டுவதை விட அதற்கான அனுமதியை ஒழுங்காக வாங்குவதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறேன். போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஒரு துணிக்கடை. முதலாளி அறுபதைத் தாண்டியவர். வேலை பேசி முடிந்ததும் கல்லா மேசை டிராயரைத் திறந்து, நாலாக மடித்த ஒரு பில் தாளை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் நீல மையில் அவர் மருமகள் எழுதியிருந்தார். ஃபேஸ்புக் பாஸ்வேர்டு, ஜிமெயில் பாஸ்வேர்டு, அதற்குக் கீழேயே நெட் பேங்கிங் பாஸ்வேர்டு. "இந்தாங்க தம்பி, எல்லாம் இதுல இருக்குது. ஓடிபி வந்தா ஒரு போனப் போடுங்க, சொல்லிப்போடறனுங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. நம்பிக் கொடுத்ததை வேண்டாம் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். அவர் ஐடியில் நான் என் கம்ப்யூட்டரில் நுழைந்தால், ஃபேஸ்புக் சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டிவிட வாய்ப்பு உண்டு. அவருடைய சொந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் என் கண்ணில் படும். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால், செய்தது நானா அவரா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அப்ப கணக்குப்பிள்ளைக்குக் கல்லாச் சாவி மட்டும் குடுக்கற மாதிரி. கடைப் பத்திரம் நம்மகிட்டயே இருக்கோணும்." அதைத்தான் ஐயா சொல்கிறேன் என்றேன்.

அடுத்த சிக்கல் பேஜ். 2016-ல் அவருடைய அக்கா மகன் ஆரம்பித்துக் கொடுத்தது. முழு அதிகாரம் அந்தப் பையனின் ஐடியில் மட்டும்தான். பையன் இப்போது ஷார்ஜாவில் ஷிஃப்ட் வேலையில் இருக்கிறான். நம் ஊர் நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு, அங்கே எட்டு மணிக்கு, வீடியோ காலில் பிடித்தோம். மாமாவின் ஐடியை முழு அதிகாரத்தோடு சேர்க்கப் போனால் பாஸ்வேர்டை மறுபடி கேட்கிறது. போனில் எப்போதும் லாகின் ஆகியே இருந்ததால் பையனுக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை. மாற்றலாம் என்றால், அவன் எப்போதோ விட்டுவிட்ட இந்திய நம்பருக்கு ஓடிபி போகிறது. பழைய ஈமெயில் ஒன்று திறந்ததால் பிழைத்தோம். இதற்கே இரண்டு ராத்திரி ஆனது.

மூன்றாம் நாள் கடையின் பில் போடும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். அவர் பெயரிலேயே பிசினஸ் போர்ட்ஃபோலியோ (கடையின் பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் ஃபேஸ்புக் வசதி, பழைய பெயர் பிசினஸ் மேனேஜர்) திறந்து, பேஜை உள்ளே கொண்டுவந்து, புது ஆட் அக்கவுண்ட், அதாவது விளம்பரக் கணக்கு, போட்டோம். நாணயம் ரூபாய், நேரம் இந்திய நேரம். இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே சரியாகப் போட்டுவிட வேண்டும், பிறகு மாற்றினால் அது வேறொரு புது ஆட் அக்கவுண்ட் ஆகிவிடும். கடையின் ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே ஏற்றினோம். விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி இருக்கிறது. எண் இல்லாவிட்டால் ஆடிட்டர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க முடியாமல் போகும்.

பிறகு என் பிசினஸ் ஐடியை, அதாவது என் போர்ட்ஃபோலியோவின் எண்ணை, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அமைப்புகளில், வெளியாட்களின் பிசினஸுக்கு அனுமதி கொடுக்கும் பார்ட்னர்ஸ் என்ற இடத்தில் அதை அவரே ஒற்றை விரலால், ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். நான் மவுஸைத் தொடவே இல்லை. ஆட் அக்கவுண்டில் கேம்பெயின் நிர்வாகம், ரிப்போர்ட் பார்ப்பது. பேஜில் விளம்பரம் போடும் அனுமதி. அவ்வளவுதான். "கடைசில ஒரு பொத்தான் இருக்குதுங்களே, அது என்னங்க?" "அது முழு அதிகாரம்ங்க ஐயா, எனக்கு வேண்டாம்." கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மதுரை, ஏஜென்சி ஊழியர்

ஈரோடு அண்ணன் சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றை நான் பார்த்தேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை எங்களிடம் வந்தது. மூன்று வருஷமாக வேறொரு ஏஜென்சி விளம்பரம் பார்த்திருக்கிறது. "அவங்க வேணாம்ணே, நீங்க பாருங்க" என்றார் முதலாளி. கடையின் பிசினஸ் செட்டிங்ஸைத் திறந்தால் ஆட் அக்கவுண்ட் எதுவுமே அங்கே இல்லை.

அடுத்தவரின் ஆட் அக்கவுண்டோடு வேலை செய்ய இரண்டு வழி இருக்கிறது. பகிரச் சொல்லிக் கேட்கலாம், அது ரிக்வெஸ்ட். நம்முடையதாகவே எடுத்துக்கொள்ளலாம், அது கிளெயிம். ரிக்வெஸ்ட்டை ஏற்றால் கணக்கு கடைக்காரரிடமே இருக்கும். கிளெயிமை ஏற்றால் கணக்கு ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவுக்குள் போய்விடும். ஒருமுறை போனால் அங்கிருந்து வெளியே எடுக்கவே முடியாது. இவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. போனில் யாரோ "ஓகே குடுத்துருங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறார்கள். அமுக்கிவிட்டார். அது கிளெயிம்.

பழைய ஏஜென்சிக்கு நாலு தடவை ஈமெயில் போட்டோம். குறைந்தபட்சம் பார்ட்னர் அனுமதியாவது கொடுங்கள் என்று கேட்டோம். பதில் இல்லை. கடைசியில் கடை பெயரில் புது ஆட் அக்கவுண்ட் திறந்து, புது பிக்சலை (தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று கவனிக்கும் சிறு நிரல்) இணையதளத்தில் பதித்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தோம். கடைக்குள் வந்தவர்கள், போன் செய்தவர்கள் என்று மறுபடி விளம்பரம் காட்டுவதற்காக மூன்று வருஷம் சேர்த்து வைத்த ஆட்களின் பட்டியல், அதாவது கஸ்டம் ஆடியன்ஸ், எல்லாம் போயிற்று. அந்த மனிதர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்தக் காசெல்லாம் ஏங்காசுதானண்ணே?" அவர் காசுதான். அவர் கடைக்கு வந்து போன ஆட்களின் விவரம்தான். அதை இன்னொருவர் எடுத்து வைத்துக்கொள்வதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதல் வேலையாக, ஆட் அக்கவுண்டின் உரிமையாளர் இடத்தில் எந்த பிசினஸ் பெயர் இருக்கிறது என்று அவரையே பார்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

நாகர்கோவில், வீட்டிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் விற்பவர்

நான் விளம்பரம் செய்பவள் இல்லை, கொடுப்பவள். எங்கள் பக்கத்து நிலைமையும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் விளம்பர வேலையைச் செய்துதரும் தங்கச்சி, "அக்கா, ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன், ஏத்துக்கோங்க" என்று ஒரு சாயங்காலம் சொல்லியிருந்தாள். அதே ராத்திரி ஒரு ஈமெயில் வந்தது. உங்கள் பேஜ் விதிமீறலில் இருக்கிறது, 24 மணி நேரத்தில் சரிபார்க்காவிட்டால் நீக்கப்படும், இந்த பார்ட்னர் அழைப்பை ஏற்கவும் என்று ஆங்கிலத்தில். ஃபேஸ்புக்மெயில் டாட் காம் என்றால் உண்மையான முகவரி என்று எங்கேயோ படித்திருந்தேன். அனுப்பியவர் முகவரி அதேதான். ஓணம் ஆர்டர் முழுக்க அந்தப் பேஜில்தான் வருகிறது. கை நடுங்கிவிட்டது.

அமுக்குவதற்கு முன்னால் தங்கச்சிக்குப் போன் செய்தேன். அவள் இன்னும் அனுப்பவே இல்லை! பிறகு அவள்தான் புரியவைத்தாள். பிசினஸ் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கு ஃபேஸ்புக் உதவி மையம் போலப் பெயர் வைத்து, அதிலிருந்து யார் வேண்டுமானாலும் அழைப்பு அனுப்பலாமாம். அழைப்பைக் கொண்டுவருவது ஃபேஸ்புக்கின் சொந்த ஈமெயில்தான், அதனால் முகவரி உண்மையாகவே இருக்கும், ஆள் பொய்யாக இருப்பார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அனுப்புவதற்கு முன் அவள் போன் செய்து, தன் பிசினஸ் ஐடியின் கடைசி நாலு இலக்கத்தைச் சொல்வாள். நான் ஈமெயிலில் எதையும் அமுக்க மாட்டேன். நேராக பிசினஸ் செட்டிங்ஸ் போய், ரிக்வெஸ்ட் இடத்தில் அந்த நாலு இலக்கம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்பேன். அனுமதி கேட்கும் தம்பிகளே, நீங்கள் அனுப்பும் அறிவிப்பும் திருடன் அனுப்பும் அறிவிப்பும் எங்கள் போனில் ஒரே மாதிரிதான் தெரிகிறது. தயவுசெய்து போன் செய்யாமல் அனுப்பாதீர்கள்.

சென்னை, தேர்தல் வேலை பார்த்தவர்

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் தரப்பு என்னை அழைத்தது. கட்சி, தொகுதி வேண்டாம். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மார்ச் மூன்றாம் வாரம்தான் என்னிடம் வந்தார்கள். பேஜுக்கும் ஆட் அக்கவுண்டுக்கும் அனுமதி ஒரே நாளில் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அரசியல் விளம்பரத்துக்கு அது போதாது. இந்தியாவில் 2019-லிருந்தே, அதைப் போடும் ஆள் தன் அடையாள அட்டையைக் காட்டி ஃபேஸ்புக்கிடம் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். விளம்பரத்தின் தலையில் இதற்குப் பணம் கொடுத்தது யார் என்ற வரியும் வர வேண்டும், அதைப் பேஜ் பக்கத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைத் தவிரத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் விளம்பரத்தைக் காட்டி முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். என் அடையாளச் சரிபார்ப்பு முடிவதற்குள் பிரசார நாட்களில் பாதி ஓடிவிட்டது.

அவசரத்தில் தரப்பில் ஒருவர், "சாதாரண பூஸ்ட்டா போட்டுடுங்க சார், யாரு பாக்கப் போறா" என்றார். அரசியல் விளம்பரம் என்று சொல்லாமல், சாதாரணப் பதிவைக் காசு கொடுத்துப் பரப்புவது போலப் போடச் சொல்கிறார். மறுத்துவிட்டேன். அரசியல் விளம்பரங்கள் 7 வருஷம் ஃபேஸ்புக்கின் ஆட் லைப்ரரி என்ற விளம்பரக் காப்பகத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கும். பெயர் என்னுடையது, செலவுக் கணக்கு வேட்பாளருடையது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் தங்கள் அங்கீகாரத்தை முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை, கூகுள் விளம்பரமும் பார்ப்பவர்

கூகுள் ஆட்ஸில் இவ்வளவு சுற்று கிடையாது. வாடிக்கையாளரின் 10 இலக்கக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, பல வாடிக்கையாளர்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கும் நம் மேனேஜர் கணக்கிலிருந்து இணைப்பு அழைப்பு அனுப்புவோம், அவர் ஏற்றால் முடிந்தது. பிடிக்காவிட்டால் அவரே துண்டித்துவிடலாம்.

எனக்கு அடி விழுந்தது பணம் கட்டும் இடத்தில். ஒரு வாடிக்கையாளருக்காக ஃபேஸ்புக் ஆட் அக்கவுண்டில் என் கார்டைப் போட்டேன். அனுமதியோடுதான். இரண்டு மாதச் செலவு என் கையிலிருந்து போய், திரும்ப வாங்குவதற்குள் ஐந்து மாதம் ஆனது. அதன் பிறகு யாருக்கும் என் கார்டைப் போடுவதில்லை. அவர்கள் கார்டைப் போட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகக் கழியும் கார்டுப் பணத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் போனால் வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்தாக வேண்டும். நல்ல சீசனில் பணம் கழியாமல் விளம்பரம் நின்றுபோனால் நம்மைத்தான் கேட்பார்கள். அதனால் நான் யுபிஐ மூலம் அவர்களையே முன்பணம் ஏற்றச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் பகுதிக்கான அனுமதி எனக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

திருச்சி, இந்த வேலைக்குப் புதியவர்

ஈரோடு அண்ணா, ஒரு சந்தேகம். எல்லோரும் உங்கள் துணிக்கடை ஐயா போல் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பதில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர், "இதுக்கெல்லாம் எனக்கு டைம் இல்லப்பா, பாஸ்வேர்டு தரேன், வேணும்னா வாங்கிக்கோ, இல்லாட்டி வேற ஆளப் பாக்கறேன்" என்கிறார். முதல் வாடிக்கையாளர் என்பதால் விடவும் மனசில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஈரோடு, தனியாக விளம்பர வேலை செய்பவர்

தம்பி, அவரிடம் நேரம் இல்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். அதனால் நேரத்தை நீ ஏற்றுக்கொள். நான் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புவேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்:

"வணக்கம் சார். உங்கள் பாஸ்வேர்டு எனக்குத் தேவையில்லை, அது உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். நாளை உங்களுக்குத் தோதான நேரத்தில் கடைக்கு வருகிறேன். அரை மணி நேரம் போதும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் அமுக்கினால் போதும். வேலை முடியும் நாளில் என்னை நீக்குவது எப்படி என்றும் அன்றைக்கே காட்டித் தருகிறேன்."

கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் வரச் சொல்கிறார்கள். அப்படியும் பாஸ்வேர்டுதான் என்று நின்றால் நான் விட்டுவிடுவேன். இரண்டு பேரை விட்டிருக்கிறேன். அந்த மாதங்களில் வீட்டில் கஷ்டம்தான், மறைக்கவில்லை. உன் நிலைமை உனக்குத்தான் தெரியும். ஆனால் முதல் ஆளுக்கு எப்படி வேலை செய்கிறாயோ, அவர் மூலம் வரும் அடுத்த ஆளும் அதையேதான் கேட்பார்.

அந்தத் துணிக்கடை ஐயாவுக்கும் நீக்கும் இடத்தைக் காட்டியிருந்தேன். போன செவ்வாய் சந்தை முடிந்து போன் செய்தார். "தம்பி, அந்தப் பார்ட்னர் பக்கத்த நானே தொறந்து பாத்தனுங்க. உங்க ஒரு பேருதான் இருக்குது. மருமக பாஸ்வேர்டெல்லாம் மாத்திப்போட்டா, அந்தத் தாளையும் கிழிச்சாச்சு. ஆடித் தள்ளுபடிக்கு எப்பங்க ஆரம்பிக்கலாம்?"