சூப்பர்சார்ஜர் கிட் போட்டால் உடைவது கிட்டா, எஞ்சினா?

கிராங்க்கேஸ்

"பிஸ்டனைத் தொட வேண்டாம், மேலே வைத்து போல்ட்டை முடுக்கினால் போதும்" என்று விற்கிற சூப்பர்சார்ஜர் (எஞ்சின் சுழற்சியாலேயே ஓடி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிட் எதையும் நம்பகமானது என்று சொல்ல முடியாது. இதுதான் என் கட்சி, மறுப்பவர்கள் வரலாம்.

கார் கம்பெனியே சூப்பர்சார்ஜர் வைக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். கார்வெட்டின் எல்எஸ்3 எஞ்சினில் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற விகிதம்) 10.7:1. அதே 6.2 லிட்டர் அளவில் இசட்ஆர்1-க்காக எல்எஸ்9 செய்தபோது 9.1:1-க்கு இறக்கினார்கள். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், டைட்டானியம் கனெக்டிங் ராடு, பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு). இவ்வளவையும் மாற்றிய பிறகுதான் 638 எச்பி. கிட் வாங்குகிறவர் இதில் ஒன்றையாவது மாற்றுகிறாரா? முதல் தலைமுறை டொயோட்டா 86-ல் உள்ள எஃப்ஏ20 எஞ்சினுக்குப் பிறவியிலேயே 12.5:1. அதன் தலையில் 8 பிஎஸ்ஐ பூஸ்டை (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தை) ஏற்றிவிட்டு ஆயுசைப் பற்றிப் பேசுவது எப்படி?

எட்டுவரி பெல்ட்

எல்எஸ்9-ஐக் காட்டினீங்க சரி, அதோட தம்பி எல்எஸ்ஏ-வை ஏன் மறைச்சீங்க? கேடிலாக் சிடிஎஸ்-வி-ல 556 எச்பி கொடுத்த எஞ்சின். கம்ப்ரஷன் 9.1:1தான், ஆனா பிஸ்டன் ஃபோர்ஜ்டு இல்ல, ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினிய) வார்ப்பு. டைட்டானியமும் இல்ல, டிரை சம்ப்பும் இல்ல. கம்பெனி உத்தரவாதத்தோட வந்த கார் அது.

கம்ப்ரஷனை இறக்காம பண்ணவும் ஆள் இருக்கு. லோட்டஸ் எவோரா எஸ்: டொயோட்டாவோட 2ஜிஆர்-எஃப்இ, 3.5 லிட்டர் வி6, 10.8:1 அப்படியே. மேல உட்கார்ந்திருக்கிறது ஹாரப் செஞ்ச யூனிட், உள்ளே ஈட்டன் கம்பெனியோட டிவிஎஸ் 1320 ரோட்டர் (காத்தைத் தள்ளுற சுழலி). ஹாரப் யாரு? கிட் விக்கிற கம்பெனி! அதையே கார் கம்பெனி மாட்டினா இன்ஜினியரிங், நாம மாட்டினா சூதாட்டமா?

கிராங்க்கேஸ்

ரோட்டர் ஒன்றுதான், அதன் பின்னால் இருக்கும் சோதனை ஒன்றல்ல. சுட்டெரிக்கும் பாலைவன வெயில், உறைபனி, ஆக்டேன் குறைந்த பெட்ரோல் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்து லோட்டஸ் தன் இக்னிஷன் மேப்பை (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்ற அட்டவணையை) எழுதுகிறது. கிட்டோடு வருவது ரெடிமேட் டியூன். உங்கள் ஊர் பெட்ரோலும் வெயிலும் அதற்குத் தெரியாது.

நாக்சென்சார்

இரண்டு பேரும் கம்ப்ரஷன் எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எஞ்சினைக் கொல்வது சூடு. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

7 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் அழுத்த விகிதம் ஏறக்குறைய 1.48. உள்ளே போகும் காற்று 30 டிகிரி என்று வையுங்கள். நூற்றுக்கு நூறு திறனுள்ள கம்ப்ரஸரே அதை 36 டிகிரி ஏற்றிவிடும். 60 சதவீதத் திறனுள்ள பழைய ரூட்ஸ் வகையில் (இரண்டு சுழலிகள் காற்றைத் தள்ளும் வகை) ஏற்றம் 60 டிகிரி, வெளியே வருவது 90 டிகிரி காற்று. 75 சதவீதத்துக்கு 78 டிகிரி. இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத கிட்டில் இந்தக் காற்று நேராக சிலிண்டருக்குள் போகிறது. 12.5:1-ல் அதை இன்னும் நெருக்கினால் ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரக் காத்திராமல் கலவையின் ஒரு மூலை தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்.

எஃப்ஏ20-க்கு ஒரு சாதகம் உண்டு. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்டரும், காற்று உள்ளே போகும் வழியில் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்டரும் இரண்டுமே அதில் இருக்கின்றன. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாவதால் கலவை குளிர்கிறது, 12.5:1 சாத்தியமானதே அதனால்தான். கூடுதல் பெட்ரோலுக்குப் போர்ட் இன்ஜெக்டரைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எட்டுவரி பெல்ட்

இன்டர்கூலர் இல்லாத கிட்டை நானும் சிபாரிசு பண்ணல. தண்ணி இன்டர்கூலர் உள்ள கிட்னா பிரச்சினை முடிஞ்சதுதானே?

நாக்சென்சார்

தள்ளிப் போகிறது, முடியவில்லை. 300 எச்பி எஞ்சின் நொடிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காற்றை இழுக்கும். அதை 60 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 14 கிலோவாட் வேண்டும். அதில் 10 கிலோவாட் தண்ணீருக்குப் போகிறது என்று கொள்வோம். சுற்றில் 5 லிட்டர் தண்ணீர் இருந்து முன்னால் உள்ள ரேடியேட்டர் எதையும் வெளியேற்றாவிட்டால், நொடிக்கு அரை டிகிரி ஏறும். சாலையில் 10 நொடி மிதித்தால் 5 டிகிரி, யாருக்கும் தெரியாது. ரேஸ் டிராக்கில் 20 நிமிடம் என்றால் கதையே வேறு. அங்கே முழுக்க முழுக்க அந்த ரேடியேட்டரின் கையில்தான் எல்லாம்.

தண்ணீர் பம்ப் நின்றுபோனால்? இன்டர்கூலருக்குள் தேங்கியது 1 லிட்டர்தான். நொடிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். பம்ப் ஓடுகிறதா என்று டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியாது. கையால் தொட்டுப் பார்ப்பது, ரிசர்வாயர் மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று பார்ப்பது, இவை தவிர வழியில்லை. இன்டர்கூலருக்குப் பிறகு ஒரு காற்று வெப்பநிலை சென்சார் வைத்து, 60 டிகிரி தாண்டினால் டைமிங்கை (ஸ்பார்க் வரும் நேரத்தை) பின்வாங்கச் சொல்லி டியூனில் எழுதியிருக்கிறதா என்பதுதான் கிட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஐட்லர் புல்லி

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் பிஸ்டனைப் பற்றியே பேசுகிறீர்கள், எஞ்சினுக்கு முன்பக்கம் யாரும் வரவில்லை. அந்த 14 கிலோவாட் எங்கிருந்து வருகிறது? கிராங்க் மூக்கில் (கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில்) மாட்டிய ஒரே ஒரு பெல்ட்டிலிருந்து.

எல்எஸ் எஞ்சினில் முன்புல்லிக்கு சாவி (நழுவாமல் பூட்டும் உலோகத் துண்டு) கிடையாது. இறுக்கமாக அழுத்திப் பொருத்தியதும் போல்ட்டின் பிடியும்தான் அதை நிறுத்துகின்றன. ஏசி கம்ப்ரஸருக்கு அது தாராளம், சூப்பர்சார்ஜருக்குப் போதாது. புல்லி நழுவினால் கிராங்க் மூக்கு தேயும். அதனால்தான் ஹப்பும் கிராங்க்கும் சேரும் கோட்டில், பாதி அதில் பாதி இதில் என்று துளையிட்டுக் கால் அங்குல டவல் பின் இரண்டு அடிக்கிறார்கள். போல்ட்டும் ஒருமுறைதான் பயன்படும். பழைய போல்ட்டால் 330 நியூட்டன் மீட்டர் வரை இழுத்து ஹப்பை உட்கார வைத்து, அதைக் கழற்றிவிட்டு, புது போல்ட்டை 50-க்கு முடுக்கி, அதன்மேல் 140 டிகிரி திருப்ப வேண்டும். பழையதையே திரும்பப் போட்டுவிட்டு "கிட் மோசம்" என்று எழுதுபவர்களும் உண்டு.

பெல்ட் வழுக்குகிறதா என்பதை சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பல நேரம் சத்தமே வராது. பூஸ்டையும் ஆர்பிஎம்மையும் லாக் எடுங்கள் (பதிவு செய்யுங்கள்). சென்ட்ரிஃபியூகலில் (வேகமாகச் சுழலும் சக்கரம் காற்றை வெளிநோக்கி வீசி அழுத்தும் வகையில்) பூஸ்ட் ஏறக்குறைய ஆர்பிஎம்மின் வர்க்கத்தைப் பின்பற்றும்: 7000-ல் 8 பிஎஸ்ஐ என்றால் 3500-ல் 2. 6000-க்கு மேல் கோடு படுத்துவிட்டால் பெல்ட் வழுக்குகிறது. வண்டியை நிறுத்தியதும் புல்லிகளில் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதுதான் குற்றவாளி.

கிராங்க்கேஸ்

ஐட்லர் புல்லி சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒரு கிட்டுக்காக கிராங்க்கில் துளை போட வேண்டியிருக்கிறது!

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் ரிங் இடைவெளி. பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு மேல் ரிங்கின் முனைகளுக்கு நடுவே சிலிண்டர் விட்டத்தில் 0.0045 பங்கு இருந்தால் போதும். பூஸ்ட் என்றால் குறைந்தது 0.0055. எஃப்ஏ20-ன் விட்டம் 86 மில்லிமீட்டர்; 0.39-க்குப் பதிலாக 0.47 வேண்டும். சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் அது சிலிண்டர் சுவரைக் கவ்வும், மேலே போகும் பிஸ்டன் ரிங் பள்ளத்தின் விளிம்போடு பிய்ந்துவிடும். "நாக் ஆகி பிஸ்டன் போச்சு" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் இதுதான். எஞ்சினைப் பிரிக்காமல் இதைச் சரிசெய்ய எந்தக் கிட்டாலும் முடியாது.

எட்டுவரி பெல்ட்

ரிங் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா எல்லா கிட்டும் ஒரே மாதிரி எஞ்சினை அடிக்காது. ட்வின் ஸ்க்ரூ, டிவிஎஸ் மாதிரி யூனிட் 2500 ஆர்பிஎம்லயே முழு பூஸ்ட் தரும். முறுக்குவிசை கீழேயே குவியும், சிலிண்டர் அழுத்தம் நீண்ட நேரம் தங்கும். எஃப்ஏ20-ல முதல்ல வளையற ராடுக்கு அது ஆகாது. சென்ட்ரிஃபியூகல்ல 3500-ல 2 பிஎஸ்ஐதான், ராடுக்கு நோகாது. மேல ஆர்பிஎம்ல ராடை இழுக்கிற விசை வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது, பூஸ்டைப் பொறுத்தது இல்ல. ரெட்லைனைத் தொடாம விட்டா அந்த விசை கம்பெனி கொடுத்த அளவுக்குள்ளேயேதான் இருக்கு.

தொழிற்சாலை சூப்பர்சார்ஜர்னா சாமின்னு நினைக்காதீங்க. மினி கூப்பர் எஸ், ஆர்53. ஈட்டன் எம்45, கம்பெனி மாட்டினதுதான். அதுல வாட்டர் பம்பையே சூப்பர்சார்ஜரோட பின்கியர்தான் சுத்துது. அந்தக் கியருக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு ஆயில் வத்திப்போனா கியர் தேஞ்சு, வாட்டர் பம்ப் நின்னு, எஞ்சின் கொதிக்கும். கிட்ல இந்த மாதிரி ஒரு வடிவமைப்பு வந்திருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?

நாக்சென்சார்

ஆர்53 நல்ல அடி. ஆனால் உங்கள் சென்ட்ரிஃபியூகல் வாதத்தில் ஓர் ஓட்டை. மேலே பூஸ்ட் ஏறும் இடத்தில்தான் பெட்ரோலும் தீர்கிறது. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில்) அழுத்தத்தை நிலையாக 58 பிஎஸ்ஐ வைத்திருக்கும் ரிட்டர்ன் இல்லாத அமைப்பில், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரிந்து போகும் குழாயில்) 8 பிஎஸ்ஐ எதிர்த்து நின்றால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 50தான். ஓட்டம் 7 சதவீதம் குறையும், அதுவும் அதிகம் தேவைப்படும் அதே நொடியில். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லாம்டா (காற்று-பெட்ரோல் அளவு; 1-க்குக் கீழே போகப் போக பெட்ரோல் அதிகம்) 0.80 அருகில் நிற்க வேண்டும். 0.88-ல் சிவப்புக் கோட்டைத் தொடுகிற வண்டி, அன்றைக்கு உடையவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று ஆகாது.

ஐட்லர் புல்லி

பிசிவி வால்வையும் (எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வு) கவனியுங்கள். பூஸ்டில் அது இறுக மூடாவிட்டால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் பிதுங்கும். மேனிஃபோல்டுக்குப் போகும் ஆயில் ஆவி ஆக்டேனையும் கெடுக்கும். வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம்தான் போக வேண்டும். அதேபோல் ரூட்ஸ் வகையில், பூஸ்ட் தேவையில்லாதபோது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வைத் திறப்பது வேக்குவம். அந்தக் குழாய் வெடித்தால் ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும். சும்மா போகும்போதுகூட யூனிட் காற்றை நெருக்கிச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சின்ன ரப்பர் குழாய், பெரிய வேலை.

கிராங்க்கேஸ்

சரி, எஞ்சினைப் பிரிக்காமல்தான் மாட்டுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால் என்ன சொல்வீர்கள்? 6 பிஎஸ்ஐக்கு மேல் போகாதே என்பேன். மாட்டுவதற்கு முன் லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது). எந்த சிலிண்டரிலும் 10 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் கிட்டைப் பெட்டியிலேயே வைக்கட்டும். டிராக்குக்குப் போகிறவர் என்றால் ஆயில் கூலர் இல்லாமல் பேச்சே இல்லை.

நாக்சென்சார்

அதோடு ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது (சூட்டை வேகமாகக் கடத்தும் வகை), இடைவெளி 0.7 மில்லிமீட்டர். முதல் சில முழுமிதிக்குப் பிறகு எல்லாப் பிளக்கையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி இருந்தால் லேசான நாக் தொடங்கிவிட்டது, டைமிங்கை இரண்டு டிகிரி இறக்குங்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளி மாதிரி மின்னும் துளி தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.

எட்டுவரி பெல்ட்

6-னு கிராங்க்கேஸே இறங்கி வந்துட்டாரு. நான் 8 கேட்கலாம்னு இருந்தேன், அந்த மின்னுற துளியைப் பத்திப் படிச்சதும் 7-க்கு வர்றேன். அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்.