அபோபிஸ் பற்றி அத்தை கேட்டதும், வந்த பதில்களும்

அத்தை: 2029 ஏப்ரல் 13ஆம் தேதி பெரிய விண்கல் ஒன்று பூமியை உரசிக்கொண்டு போகும் என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. நம்பலாமா? வெள்ளிக்கிழமை வேறு.

நான்: தேதி சரி அத்தை, கல்லும் உண்மைதான். அதன் பெயர் அபோபிஸ், குறுக்களவு சுமார் 350 மீட்டர். ஆனால் மோதாது. தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போய்விடும். டிவி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, அவற்றைவிடவும் கிட்டத்தில் வருகிறது என்பதால்தான் இவ்வளவு பேச்சு. 2004இல் கண்டுபிடித்த புதிதில் மோத 2.7% வாய்ப்பு என்று கணக்கு வந்தது. 2021இல் ரேடார் வைத்து அளந்த பிறகு இன்னும் 100 ஆண்டுகளுக்காவது இதனால் ஆபத்து இல்லை என்று உறுதி செய்துவிட்டார்கள்.

அத்தை: அப்பாடா. சரி கண்ணு, நிஜமாகவே ஒன்று மோத வந்தால்? அமெரிக்கா பார்த்துக்கொள்ளுமா?

சித்தப்பா: வேறு யார் பார்ப்பார்கள் அக்கா? ராக்கெட்டும் பணமும் அவர்களிடம்தான் இருக்கிறது. எல்லா நாடும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது.

நான்: சித்தப்பா, கண்டுபிடிப்பதற்கே ஒரு நாடு போதாது. 2024 டிசம்பர் 27ஆம் தேதி 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பார்த்தார்களே, பார்த்த தொலைநோக்கி இருப்பது சிலியில், பணம் கொடுப்பது நாசா. பிறகு பல நாட்டு ஆய்வகங்கள் அதைத் தொடர்ந்து அளந்தன. அமெரிக்கா, ஐரோப்பா, கனடா மூவரும் சேர்ந்து அனுப்பிய வெப் விண்வெளித் தொலைநோக்கிதான் அது சுமார் 60 மீட்டர் என்று சொன்னது. 2032 டிசம்பர் 22 அன்று மோத 3.1% வாய்ப்பு என்று பிப்ரவரி நடுவில் ஏறிய எண், கூடுதல் அளவீடு வர வர ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. ஒரே ஊரின் வானத்தை மட்டும் நம்பியிருந்தால் இரவு முடிந்ததும் கல்லை விட்டுவிட வேண்டியதுதான், வேறு இடத்தில் இருட்டும்போது அங்கே ஒருவர் பார்க்க வேண்டும்.

சித்தி: அப்படியென்றால் ரஷ்யாவில் ஒன்று வெடித்ததே, அதை ஏன் யாரும் முன்னால் சொல்லவில்லை?

நான்: செல்யாபின்ஸ்க், 2013 பிப்ரவரி 15. அது சுமார் 20 மீட்டர்தான் சித்தி, அதோடு சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது, தரையிலிருக்கும் தொலைநோக்கி அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலானோருக்குக் கண்ணாடிதான் கிழித்தது. முதலில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது, என்ன என்று பார்க்க ஜன்னலுக்குப் போனார்கள், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை நொறுக்கியது. வானத்தில் அப்படி வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிப் படுத்துவிடுங்கள், இதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை: இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

அண்ணன்: தள்ளிவிடவும் முடியும் அத்தை, செய்தே காட்டியாயிற்று. 2022 செப்டம்பர் 26இல் நாசாவின் டார்ட் விண்கலம் நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் போய் டைமார்போஸ் என்ற 160 மீட்டர் சிறுகோளில் மோதியது. அது டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, மோதிய பிறகு 33 நிமிடம் குறைந்துவிட்டது. இடித்த வேகத்தில் தெறித்த கல்லும் தூசியும் பின்னால் பாய்ந்து, விண்கலம் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே தள்ளியிருக்கிறது. பக்கத்தில் பறந்து கடந்தபடி படம் எடுத்தது இத்தாலியின் குட்டி விண்கலம். அங்கே என்ன ஆனது என்று அளக்க ஐரோப்பாவின் ஹெரா 2024 அக்டோபரில் கிளம்பியது, அதில் ஜப்பான் கொடுத்த வெப்பக் கேமராவும் இருக்கிறது.

அண்ணன்: இன்னொரு கணக்கு. 10 ஆண்டுக்கு 31.5 கோடி நொடி. கல்லின் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு செ.மீ. மாற்றினால் 10 ஆண்டில் 31.5 கோடி செ.மீ., அதாவது 3,150 கி.மீ. விலகும். சுற்றுப்பாதையே மாறுவதால் உண்மையில் இன்னும் அதிகமாகவே விலகும். முன்கூட்டித் தெரிந்தால் சின்னத் தள்ளல் போதும்.

சித்தப்பா: அதைத்தானே நானும் சொல்கிறேன். தள்ளத் தெரிந்தவன் தள்ளிவிட்டுப் போகட்டும், நடுவில் 100 நாட்டிடம் எதற்கு அனுமதி?

நான்: எந்தப் பக்கம் தள்ளுவது சித்தப்பா? அங்கேதான் சிக்கல். ஒய்ஆர்4 மோதினால் எங்கே விழும் என்று ஒரு பட்டை போட்டார்கள், பசிபிக்கின் கிழக்கில் தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், தெற்காசியா வரை நீண்டது. தள்ளும்போது விழும் இடம் அந்தப் பட்டையில் நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் பூமியைவிட்டு வெளியே போக வேண்டும். விண்கலம் பழுதாகிப் பாதித் தள்ளலோடு நின்றுவிட்டால்? ஒரு நாட்டில் விழ வேண்டியது இன்னொரு நாட்டில் விழும். அந்த நாட்டு மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அது நியாயமா?

சித்தப்பா: ம். இதை நான் யோசிக்கவில்லை.

சித்தி: இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

நான்: முழுதாக இல்லை சித்தி. 2013இல் ஐ.நா. ஒப்புதலோடு இரண்டு அமைப்புகள் வந்தன. ஒன்று சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு, மற்றது விண்வெளிப் பயணத் திட்ட ஆலோசனைக் குழு. 10 மீட்டருக்கு மேல் உள்ள கல் மோத 1% வாய்ப்பு தாண்டினால் முதல் அமைப்பு உலகத்துக்கு அறிவிக்கும், ஒய்ஆர்4க்கு அப்படித்தான் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். 50 மீட்டருக்கு மேல், 50 ஆண்டுக்குள் என்றால் இரண்டாவது குழு திட்டம் போடத் தொடங்கும். ஆனால் அது ஆலோசனை மட்டும்தான் சொல்லும், கிளம்பு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் கிடையாது.

அண்ணன்: அணுகுண்டு விஷயமும் இருக்கிறது. கல் பெரியதாகவோ நேரம் குறைவாகவோ இருந்தால் அதுதான் கடைசி வழி என்கிறார்கள், ஆனால் 1963 ஒப்பந்தம் விண்வெளியில் அணு வெடிப்பையே தடுக்கிறது. எனக்கு இதில் பயம் கல்லைவிட அதிகம். தற்காப்பு என்று பெயர் சொல்லி யாராவது விண்வெளிக்கு அணு ஆயுதத்தைக் கொண்டு போக வழி திறந்துவிடக் கூடாது.

சித்தப்பா: சரிம்மா, யார் முடிவெடுக்க வேண்டும் என்கிறாய்? பாதுகாப்புச் சபையா? அங்கே ஒரே நாடு வீட்டோ போட்டால் எல்லாம் நின்றுவிடும்.

நான்: அதனால்தான் கல் எதுவும் வராத இப்போதே பேசி எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். எத்தனை சதவீதம் தாண்டினால் விண்கலம் கட்டாயம் கிளம்ப வேண்டும், எந்தத் திசையில் தள்ளுவது, பட்டையில் இருக்கும் நாடுகளின் குரலுக்கு என்ன இடம், எல்லாம். எந்த நாட்டின் தலையில் விழும் என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் தன் நாட்டுக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அபோபிஸை முன்னிட்டு 2029ஐயே சிறுகோள் விழிப்புணர்வுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, அதற்குள் இது நடந்தால் நல்லது.

சித்தப்பா: நடக்கட்டும். ஆனால் இழப்பீட்டை முதலில் எழுத வேண்டும். தள்ளிய கல் வேறு நாட்டில் விழுந்தால் யார் கொடுப்பது?

நான்: 1972 ஒப்பந்தத்தில், ஒரு நாடு ஏவிய பொருள் தரையில் சேதம் செய்தால் அந்த நாடு ஈடு தர வேண்டும் என்று இருக்கிறது சித்தப்பா. விண்கலம் தள்ளிவிட்ட கல் என்றால் தெளிவாக இல்லை.

சித்தப்பா: அப்போது அதை எழுதாமல் எந்தச் சின்ன நாடும் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

நான்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போது கிளம்ப வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாக வேண்டும், பின்னால் தள்ளிப்போட முடியாது. 2021இல் நிபுணர்கள் ஒரு கற்பனைக் கல்லை வைத்துப் பயிற்சி செய்தார்கள், மோத ஆறு மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு. அந்த அவகாசத்தில் எந்த விண்கலத்தையும் அனுப்ப முடியாது, விழும் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத்தான் முடியும் என்றுதான் முடிவு வந்தது.

அத்தை: அந்த வீடியோவை அனுப்பியவருக்கு இதையெல்லாம் அப்படியே அனுப்பட்டுமா கண்ணு?

நான்: அனுப்புங்கள் அத்தை, அண்ணன் போட்ட 10 ஆண்டுக் கணக்கையும் சேர்த்து.